வானை அளந்த வனிதை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சாதனை புரிந்த பெண்களை வரிசைப்படுத்தும்போது மேரி கியூரி, ஹெலன் கெல்லர் ஆகியோரோடு ஏமி ஜான்சன் என்ற பெயரும் சில வேளைகளில் வரும். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியே விமானம் ஓட்டிச் சென்ற முதல் பெண்மணி என்று ஒரே வரியில் அவரைச் சொல்லி முடித்து, அவருடைய துணிச்சலைப் புகழ்ந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவது வழக்கம். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையைப் படித்தபோது, இயற்பியல் மாணவியாகிய என் மனத்தில் பதிந்தது வேறொன்று. அவருடைய வாழ்க்கையில் நான்கு முறை எரிபொருள் குறுக்கே வந்து நின்றது. மூன்று முறை அவர் பிழைத்தார். நான்காம் முறை பிழைக்கவில்லை. அந்த நான்கு இடங்களையும் தொட்டு அவர் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாவட்டத்தில் ஹல் என்றொரு துறைமுக நகரம் உண்டு. வடகடலில் பிடிபடும் மீன் வந்து குவியும் ஊர் அது. அந்த ஊரில் 1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் ஏமி பிறந்தார். தந்தையார் ஜான் வில்லியம் ஜான்சன் மீன் வணிகர். நான்கு பெண் மக்களுள் மூத்தவர் ஏமி. பள்ளியில் பையன்களைப் போலக் கிரிக்கெட் ஆடியவர்; அந்தப் பந்து முகத்தில் பட்டு முன்பற்களையும் இழந்தவர்.

ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு படித்து 1925இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பெண்கள் பட்டம் பெறுவது அந்நாட்டிலும் அரிதாக இருந்த காலம் அது. பட்டம் கிடைத்த அளவுக்கு வேலை எளிதாகக் கிடைக்கவில்லை. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகங்களில் பணிபுரிந்தார். பின்னர் இலண்டன் சென்று வழக்கறிஞர் ஒருவர் அலுவலகத்தில் செயலாளராக அமர்ந்தார். பட்டதாரிப் பெண் ஒருத்தி நாள் முழுதும் பிறர் எழுதிய கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய காட்சி அன்று போலும்!

தட்டச்சுப் பொறியிலிருந்து விமானக் கொட்டகைக்கு

இலண்டனின் வடபகுதியில் ஸ்டாக் லேன் என்ற இடத்தில் ஒரு விமானத்தளம் இருந்தது. இலண்டன் விமானக் கழகம் அங்கே சாதாரண மக்களுக்கும் விமானம் ஓட்டக் கற்றுக் கொடுத்தது. 1928ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏமி அங்கே பாடம் கேட்கத் தொடங்கினார். பிறவி விமானி என்று அவரை யாரும் சொல்லவில்லை. தனியே பறக்கும் தகுதி பெற மற்றவர்களைவிட அவருக்குக் கூடுதல் நேரமே பிடித்தது. 1929 ஜூனில்தான் முதன்முதல் தனியாகப் பறந்தார். ஜூலையில் விமானி உரிமம் பெற்றார்.

அவர் அங்கே நிற்கவில்லை. விமானத்தை ஓட்டத் தெரிந்தால் போதாது, பிரித்துப் பூட்டவும் தெரிய வேண்டும் என்று கருதினார். கழகத்தின் தலைமைப் பொறியாளர் ஜாக் ஹம்ப்ரீஸ் என்பவரிடம் மாணவியானார். காலையில் கொட்டகை, பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் கொட்டகை என்று நாட்கள் கழிந்தன. கையெல்லாம் கிரீஸ் படிய, ஆண்களுக்கு நடுவே ஸ்பேனர் பிடித்து நின்ற அந்தப் பெண்ணைக் கண்டு முதலில் சிரித்தவர்கள் பின்னர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டனர். 1929 டிசம்பரில் அரசின் தரைப் பொறியாளர் உரிமத்தை அவர் பெற்றார். பிரிட்டனில் அந்த உரிமம் பெற்ற முதல் பெண் அவரே.

ஏமியின் வாழ்க்கையில் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அடுத்தபடியாகப் போற்ற வேண்டிய நிகழ்ச்சி இதுதான் என்பது என் கருத்து. ஏன் முதலிடமே தரலாம். இந்த உரிமம் இல்லாவிட்டால் அந்தப் பயணம் பாதி வழியில் முடிந்திருக்கும்.

ஜேசன்

நெடுந்தொலைவு பறக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வளர்ந்தது. அதற்குப் பணம் வேண்டுமே! பலருக்கும் கடிதம் எழுதினார். கடைசியில் எண்ணெய் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய வேக்பீல்டு பிரபு உதவ முன்வந்தார். அவர் ஒரு பங்கும் தந்தையார் ஒரு பங்குமாகப் பணம் தர, 600 பவுனுக்கு ஒரு விமானம் வாங்கப்பட்டது. டி ஹாவிலண்டு நிறுவனத்தார் கட்டிய ஜிப்சி மாத் வகை விமானம் அது. ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது. மரச்சட்டமும் துணி போர்த்திய சிறகுகளும் ஒற்றை எஞ்சினும் கொண்டது. விமானி அமரும் இடத்துக்குக் கூரை கிடையாது. மழையும் வெயிலும் தலைமேல்தான். தந்தையாரின் மீன் வணிகத்துக்கு உரிய முத்திரைப் பெயர் ஜேசன். அந்தப் பெயரையே விமானத்துக்கும் சூட்டினார் ஏமி.

இந்த விமானத்துக்குப் பெட்ரோல் செல்லும் முறையை இங்கே சொல்ல வேண்டும். பெட்ரோல் தொட்டி மேற்சிறகின் நடுவில் இருக்கும். அங்கிருந்து புவியீர்ப்பினால் எஞ்சினுக்கு இறங்கும். தனியாக ஒரு பம்பு தேவையில்லை. எளிமையான, நம்பத்தக்க ஏற்பாடு. ஆனால் அந்தத் தொட்டி சிறியது. நெடும்பயணத்துக்காகக் கூடுதல் தொட்டிகளைக் கீழே பொருத்தினார்கள். கீழே இருக்கும் பெட்ரோல் தானாக மேலே ஏறாதல்லவா? ஆகவே பறந்துகொண்டே, ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பம்பை அடித்து அதை மேல் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி முகத்தில் அடிக்கும், குமட்டும். நாள்தோறும் பத்து மணி நேரப் பறத்தலில் இதுவும் ஒரு வேலை.

1930 மே 5ஆம் நாள் காலை இலண்டனை அடுத்த கிராய்டன் தளத்திலிருந்து ஏமி புறப்பட்டார். வழியனுப்ப வந்தவர்கள் தந்தையாரும் சில நண்பர்களுமே. அதுவரை அவர் பறந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் நூறு மணி நேரம் நிரம்பாது. இங்கிலாந்தின் கரையைத் தாண்டி ஒருமுறைகூட அவர் பறந்ததில்லை. ரேடியோ கிடையாது. கைவசம் இருந்தவை வரைபடங்களும் திசைகாட்டியும் கடிகாரமுமே.

வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், அலெப்போ, பாக்தாத், பந்தர் அப்பாஸ் என்று நாளுக்கு ஓர் ஊராகப் பறந்தார். பாக்தாதை நெருங்குகையில் மணற்புயல் வந்து கவ்வியது. கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையில் பாலைவனத்தில் இறங்கி, விமானம் உருண்டு விடாதபடி சக்கரங்களுக்குப் பெட்டிகளை அண்டை கொடுத்து, புயல் ஓயும் வரை கைத்துப்பாக்கியுடன் காத்திருந்தார். ஆறாம் நாள், மே 10 அன்று, கராச்சியில் இறங்கினார். அதே பாதையில் 1928இல் பறந்து சாதனை புரிந்த ஆஸ்திரேலிய வீரர் பெர்ட் ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார். அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத பத்திரிகைகள் அன்றுதான் அவர் பெயரைத் தேடத் தொடங்கின.

முதல் இடம்: ஜான்சி

கராச்சியிலிருந்து அலகாபாத் செல்வது மறுநாள் திட்டம். ஏறத்தாழ 900 மைல். அன்று எதிர்க்காற்று வீசியது. இங்கேதான் எரிபொருள் முதன்முதலாகத் தன் கணக்கைக் காட்டியது.

நம் பள்ளிப் பாடத்தில் வரும் படகுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஆற்றை எதிர்த்துச் செல்லும் படகுக்கு நேரம் கூடும் அல்லவா? விமானத்துக்குக் காற்றே ஆறு. மணிக்கு 80 மைல் வேகம் உடைய விமானம் காற்று இல்லாத வானில் 900 மைலைக் கடக்க ஏறத்தாழ பதினொன்றேகால் மணி நேரம் ஆகும். எதிரே மணிக்கு 20 மைல் வேகத்தில் காற்று வீசினால் தரையைப் பொறுத்து அதன் வேகம் 60 மைல்தான். அதே தொலைவுக்குப் பதினைந்து மணி நேரம் வேண்டும். எஞ்சினோ மணிக்கு இவ்வளவு என்று பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். எத்தனை மைல் கடந்தோம் என்பது அதற்குத் தெரியாது. எத்தனை மணி ஓடினோம் என்பதே அதற்குக் கணக்கு. வரைபடத்தைப் பார்க்கிற விமானி மைலை எண்ணுகிறார். தொட்டி மணியை எண்ணுகிறது. இந்த இரண்டு கணக்கும் பிரியும் இடத்தில்தான் விபத்து காத்திருக்கிறது.

அலகாபாத் இன்னும் 200 மைல் இருக்கையிலேயே பெட்ரோல் தீரும் நிலை வந்துவிட்டது. கீழே ஜான்சி நகரம் தெரிந்தது. படையினரின் அணிவகுப்பு மைதானத்தில் ஏமி விமானத்தை இறக்கினார். இடம் போதவில்லை. சிப்பாய்கள் விலகி ஓட, விமானம் பாசறைக் கட்டடங்களுக்கு நடுவே ஓடிப்போய்ச் சிறகு இடித்து நின்றது. ஏமிக்குக் காயம் இல்லை. சிறகைச் செப்பனிட்டு, பெட்ரோல் நிரப்பி, மறுநாள் விடியலில் அலகாபாத் சென்று, அன்றே கல்கத்தாவையும் அடைந்தார். தொட்டியில் எஞ்சிய சில சொட்டுகள் தீருமுன் இறங்கிவிட வேண்டும் என்ற முடிவை அவர் தாமதிக்காமல் எடுத்ததால் விளைந்தது சிறகுக் காயம் மட்டுமே.

கல்லூரி மாணவர்கள் செய்த உதவி

கல்கத்தாவிலிருந்து ரங்கூன் சென்ற நாள் கடும் மழை. ரங்கூனின் குதிரைப் பந்தயத் திடலில் இறங்க வேண்டியவர், அதற்குச் சில மைல் தள்ளி உள்ள இன்சீன் என்ற ஊரில், அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் இறங்கிவிட்டார். மைதானத்தின் ஓரத்தில் இருந்த பள்ளத்தில் விமானம் பாய்ந்தது. விசிறி உடைந்தது, சக்கரத் தாங்கி உடைந்தது, சிறகு கிழிந்தது.

அந்த மைதானத்தில் கூடியவர்கள் நம்மைப் போன்ற மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும்! அங்கிருந்தோர் சேர்ந்து சிறகின் மரச்சட்டங்களைப் புதிதாகச் செய்தார்கள். உடைந்த பாகங்களைக் கல்லூரிப் பட்டறையில் சரிசெய்தார்கள். விசிறிக்குக் கவலை இல்லை. உதிரி விசிறி ஒன்றை ஏமி விமானத்தின் பக்கவாட்டிலேயே கட்டி எடுத்து வந்திருந்தார். சிறகுக்குத் துணி வேண்டுமே! முதல் உலகப்போரின்போது மிஞ்சிப்போன விமானத் துணியில் தைத்த சட்டைகள் அவ்வூரில் இருந்தன. அவற்றைக் கிழித்துச் சிறகில் ஒட்டினார்கள். துணியை விறைப்பாக்கும் பூச்சு ஒன்று உண்டு. செல்லுலோஸ் சேர்மத்தைக் கரைப்பானில் கரைத்துப் பூசினால், அது உலரும்போது துணியைச் சுருக்கி முரசுத்தோல் போல இறுக்கும். அதையும் உள்ளூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் கலந்து கொடுத்தார். வேதியியல் நண்பர்கள் பெருமைப்படலாம்!

ஏமி வெறும் ஓட்டுநராக மட்டும் இருந்திருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற வேண்டியதுதான். எந்தச் சட்டம் எங்கே பொருந்தும், எந்தத் திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த பொறியாளர் அவர். ஆகவே மூன்றாம் நாள் ஜேசன் மீண்டும் பறந்தது.

பாங்காக், சிங்கப்பூர், சுரபாயா, திமோர் என்று தொடர்ந்தார். கடைசி நாள், கப்பலைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத திமோர் கடல். ஏறத்தாழ 500 மைல். 1930 மே 24 பிற்பகல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். 11,000 மைல், பத்தொன்பதரை நாட்கள். ஹிங்க்லரின் பதினைந்தரை நாள் சாதனையை முறியடிக்க இயலவில்லை. அது பற்றி அவருக்கு வருத்தம் இருந்தது. உலகத்துக்கு வருத்தம் இல்லை. உலகம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

புகழின் எடை

அரசு விருது அளித்தது. பத்திரிகை ஒன்று 10,000 பவுன் பரிசு தந்தது. அவர் பெயரில் பாட்டு வெளிவந்து தெருவெல்லாம் ஒலித்தது. இலண்டன் திரும்பியபோது சாலையின் இருபுறமும் மக்கள் வெள்ளம். தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்திருந்த பெண்ணுக்குச் சில திங்களுக்குள் இத்தனையும் வந்து சேர்ந்தன. ஊர் ஊராக மேடையேறி முகம் காட்ட வேண்டிய கடமையும் கூடவே வந்தது. இடையறாத விழாக்களால் உடல் தளர்ந்து, அந்தச் சுற்றுப்பயணத்தைப் பாதியிலேயே நிறுத்த நேர்ந்தது.

ஆயினும் பறப்பதை நிறுத்தவில்லை. 1931இல் தம் ஆசிரியர் ஹம்ப்ரீஸுடன் இலண்டனிலிருந்து மாஸ்கோ வழியாக டோக்கியோ சென்றார். இலண்டனிலிருந்து ஒரே நாளில் மாஸ்கோவை எட்டியது அப்பயணத்தின் சிறப்பு. 1932 ஜூலையில் ஜிம் மாலிசன் என்ற புகழ்பெற்ற விமானியை மணந்தார். அதே ஆண்டு நவம்பரில் தன்னந்தனியே தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் வரை பறந்து, கணவர் வைத்திருந்த சாதனையைப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக முறியடித்தார்!

இரண்டாம் இடம்: பிரிட்ஜ்போர்ட்

1933 ஜூலை 22 அன்று கணவனும் மனைவியும் சேர்ந்து, வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரை மணலிலிருந்து நியூயார்க் நோக்கிக் கிளம்பினார்கள். சீபேரர் என்று பெயரிட்ட இரட்டை எஞ்சின் டிராகன் விமானம். பயணிகள் அமரும் இடத்தையெல்லாம் பெட்ரோல் தொட்டிகள் அடைத்துக்கொண்டன. ஓடுதளத்தைவிட நீண்ட கடற்கரையைத் தேடிப் போனதற்குக் காரணம் அந்தச் சுமைதான். எரிபொருள் இல்லாமல் பறக்க முடியாது. எரிபொருள் மிகுந்தால் தரையை விட்டு எழும்ப முடியாது. விமானப் பொறியியலில் உள்ள பெரிய முரண்பாடுகளுள் இது ஒன்று.

அட்லாண்டிக் பெருங்கடலில் கிழக்கிலிருந்து மேற்கே செல்வோருக்குக் காற்று பெரும்பாலும் எதிரி. ஜான்சியில் ஒரு பகலில் நேர்ந்தது இங்கே இரவும் பகலுமாக நேர்ந்தது. ஏறத்தாழ 39 மணி நேரம் பறந்து அமெரிக்கக் கரையை அடைந்தபோது இருவரும் களைத்திருந்தார்கள், தொட்டிகளும் வறண்டிருந்தன. நியூயார்க் இன்னும் 60 மைல்கூட இல்லை. ஆனால் அந்த 60 மைலுக்குப் பெட்ரோல் போதுமா என்ற நிலை. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரத் தளத்தில் இருட்டில் இறங்க முயன்றார்கள். சில முறை வட்டமிட்டு இறங்கிய விமானம் ஓடுதளத்தைத் தாண்டிச் சென்று சேற்றுப் பள்ளத்தில் கவிழ்ந்தது. இருவரும் தூக்கி எறியப்பட்டுக் காயமடைந்தனர்.

உயிர் பிழைத்ததற்கும் எரிபொருள் தீர்ந்ததற்கும் ஒரு தொடர்பு உண்டு. தொட்டியில் பெட்ரோல் நிறைந்திருந்தால் அந்த மோதலில் தீப்பற்றியிருக்கக்கூடும். நினைவுப் பொருளுக்காக மக்கள் இரவிலேயே வந்து விமானத்தைத் துண்டு துண்டாகப் பிய்த்துச் சென்றார்கள். நியூயார்க் நகரம் அவ்விருவருக்கும் காகிதத் துணுக்குகளைத் தூவி ஊர்வல வரவேற்பு அளித்தது. ஊர்வலத்தின்போதும் அவர்கள் காயம் ஆறவில்லை.

மூன்றாம் இடம்: ஜபல்பூர்

1934 அக்டோபரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் வரை பெரும் விமானப் பந்தயம் ஒன்று நடந்தது. மாலிசன் தம்பதியர் காமெட் என்ற அதிவேக விமானத்தில் போட்டியிட்டனர். எங்கும் நிற்காமல் பாக்தாதுக்குப் பறந்து, அங்கிருந்து கராச்சிக்கு எல்லோருக்கும் முன்னே வந்தனர். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு அதுவரை எவரும் அவ்வளவு விரைவாக வந்ததில்லை.

கராச்சியிலிருந்து அலகாபாத் செல்கையில் வழி தவறினர். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏமி தனியே பறந்த அதே பாதை! வழி மாறி ஜபல்பூரில் இறங்கினர். அங்கே பெட்ரோல் இருந்தது. ஆனால் அந்த விமானத்துக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. உள்ளூர்ப் பேருந்து நிறுவனத்திடம் இருந்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு கிளம்பினர்.

எல்லாம் பெட்ரோல்தானே என்று நமக்குத் தோன்றும். எஞ்சினுக்கு அப்படி அன்று. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு ஆற்றல் கிடைக்கும். ஆனால் அழுத்தினால் சூடு ஏறும். தரம் குறைந்த பெட்ரோல், பொறியினால் சீராக எரிவதற்கு முன்பே, அந்தச் சூட்டிலேயே ஆங்காங்கே வெடித்துவிடும். அப்போது பிஸ்டனின் தலையில் சம்மட்டி அடி விழுவது போன்ற அதிர்ச்சி உண்டாகும். இந்த வெடிப்பைத் தாங்கும் தன்மையைத்தான் ஆக்டேன் எண்ணால் அளக்கிறார்கள். ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்ட அளவுகோல் அது. பேருந்தின் எஞ்சின் மெல்ல அழுத்துவது. அதற்குக் குறைந்த எண் போதும். காமெட்டின் எஞ்சினோ பந்தயத்துக்காக அழுத்தத்தைக் கூட்டிக் கட்டியது. பேருந்துப் பெட்ரோலை அதனால் தாங்க முடியவில்லை. பிஸ்டன் பழுதாகி, எண்ணெய்க் குழாயும் உடைந்தது. அலகாபாத் வரை எப்படியோ வந்து சேர்ந்தார்கள். பந்தயம் அங்கேயே முடிந்தது. தொட்டி நிறைந்திருந்தும் எரிபொருள் இல்லாத நிலை அது!

போர்க்காலப் பணி

1936இல் கேப்டவுன் பாதையில் மீண்டும் ஒரு சாதனை படைத்தார். பெண் பொறியாளர் சங்கத்தின் தலைவராக 1935 முதல் 1937 வரை இருந்தார். இல்வாழ்க்கை இனிமையாக அமையவில்லை; 1938இல் மணமுறிவு ஏற்பட்டது. சாதனைப் பறப்புகளின் காலமும் மெல்ல முடிந்துகொண்டிருந்தது. பெரிய விமான நிறுவனங்கள் எழுந்தன. அவற்றில் பெண் விமானிக்கு இடம் இல்லை. ஒரு காலத்தில் நாடே கொண்டாடிய பெண் வேலை தேடி விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது.

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. தொழிற்சாலையிலிருந்தும் பழுதுபார்க்கும் இடங்களிலிருந்தும் படைத்தளங்களுக்கு விமானங்களைக் கொண்டுசேர்க்க ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்சிலரி என்ற துணைப் பிரிவு அமைந்தது. பெண்களையும் அதில் சேர்த்தார்கள். ஆண்களைவிட 20 விழுக்காடு குறைவான ஊதியத்தில். 1940இல் ஏமி அதில் சேர்ந்தார். ரேடியோ பயன்படுத்தாமல், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, தரையைப் பார்த்துப் பறப்பதே இப்பணியின் முறை. ஏமிக்கு அது ஜேசனின் காலத்துக்குத் திரும்பியது போலத்தான். இந்தப் பிரிவின் பெண்களுக்கு 1943இல் சம ஊதியம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நான்காம் இடம்: தேம்ஸ் கழிமுகம்

1941 ஜனவரித் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலிருந்து ஆக்ஸ்போர்டு வகை இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றைக் கிட்லிங்டன் தளத்துக்குக் கொண்டுசேர்க்கும் பணி ஏமிக்குத் தரப்பட்டது. வழியில் பிளாக்பூலில் இறங்கித் தங்கை வீட்டில் ஓர் இரவு தங்கினார். ஜனவரி 5 ஞாயிற்றுக்கிழமை. வானிலை மிக மோசம். நண்பகலுக்குச் சற்று முன் அவர் புறப்பட்டார். கிட்லிங்டன் ஏறத்தாழ 150 மைல். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம்.

அவர் அங்கே போய்ச் சேரவில்லை. மூன்றரை மணிக்கு மேல் அந்த விமானம், போக வேண்டிய இடத்துக்கு 100 மைல் கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஹெர்ன் பே என்ற ஊருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அப்பக்கம் சென்றுகொண்டிருந்த கப்பல்களில் இருந்தவர்கள் பாராசூட் இறங்குவதைக் கண்டார்கள். ஹேசில்மியர் என்ற கடற்படைக் கப்பலின் தலைவர் வால்டர் பிளெட்சர், உறையும் குளிர் என்றும் பாராமல் நீரில் குதித்து நீந்தினார். ஏமியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. குளிரில் நினைவிழந்து மீட்கப்பட்ட அவரும் பின்னர் மருத்துவமனையில் உயிர் துறந்தார். அவர் ஈகத்துக்கு ஆல்பர்ட் பதக்கம் வழங்கப்பட்டது. ஏமியின் பையும் சில பொருள்களும் நீரில் மிதந்து கிடைத்தன. உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37.

ஒரு மணி நேரப் பயணத்துக்குக் கிளம்பியவர் எப்படி மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வானில் இருந்தார்? பலரும் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இது: மேகத்துக்கு மேலே ஏறிவிட்டார், கீழே இறங்க இடைவெளி தேடினார், காற்று அவரைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது, தரை தெரியவில்லை, பெட்ரோல் தீர்ந்தது, கீழே நிலம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பாராசூட்டுடன் குதித்தார். கீழே இருந்ததோ கடல். சொந்த நாட்டுப் பீரங்கிகளே தவறுதலாகச் சுட்டு வீழ்த்தின என்ற கூற்றும் பிற்காலத்தில் எழுந்தது. எப்படியாயினும் அந்தச் சில மணி நேரம் முழுவதும் அவர் கண்கள் பெட்ரோல் முள்ளின் மீது இருந்திருக்கும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜான்சியில் மைதானம் தெரிந்தது. பிரிட்ஜ்போர்டில் விளக்கு தெரிந்தது. தேம்ஸின் மேலே எதுவும் தெரியவில்லை. அனுபவம் மிக்க விமானிக்கும் இறங்குமிடம் கண்ணில் பட வேண்டுமே!

இருப்பு என்னும் பாடம்

இன்று உலகெங்கும் விமானங்களுக்குப் பொதுவான விதி ஒன்று உண்டு. சேருமிடத்துக்குத் தேவையான எரிபொருளோடு, அங்கே இறங்க முடியாவிட்டால் வேறு தளத்துக்குப் போக வேண்டிய அளவும், அதற்கும் மேலே தொடக்கூடாத இறுதி இருப்பும் இருக்க வேண்டும். பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு அந்த இறுதி இருப்பு 45 நிமிடம். ஜெட் விமானத்துக்கு 30 நிமிடம். இந்த எண்கள் காகிதத்தில் வருவதற்கு முன்னால் வெற்றுத் தொட்டியோடு விழுந்த விமானங்கள் எத்தனையோ.

இந்த இருப்பைப் பற்றி நான் அதிகம் சிந்திப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இக்கல்லூரியில் என்னைப் போன்றவர்களே பெரும்பாலோர். எங்களுக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் வாழ்த்து ஒன்றுதான்: தைரியமாகப் போ என்பது. தைரியத்துக்கு எங்களிடம் பஞ்சமில்லை. ஒரு பருவத்தில் கட்டணம் கட்டத் தாமதமானால், ஒரு தாளில் தேர்ச்சி தவறினால், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், அந்த எதிர்க்காற்றைக் கடக்க எங்கள் தொட்டியில் மிச்சம் உண்டா என்று கேட்பார் குறைவு. நன்றாகப் படித்தும் பாதியில் நின்றுபோனவர்களைத் துணிவு இல்லாதவர்கள் என்று சொல்வது எளிது. இடையில் இறங்க ஒரு மைதானம் இல்லாமல் போனவர்கள் அவர்கள் என்பதே உண்மை.

ஏமியின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் துணிச்சலை ஆஸ்திரேலியா வரை கொண்டுபோய்ச் சேர்த்தவை எவை என்று பார்க்கிறேன். மீன் விற்ற தந்தையார் கொடுத்த பங்கு. கொட்டகையில் ஓராண்டு பிடித்த ஸ்பேனர். பக்கவாட்டில் கட்டி வந்த உதிரி விசிறி. இன்சீன் கல்லூரி மாணவர்களின் கைகள். இவையெல்லாம் இருப்பு. பேச்சாளர்களின் ஒற்றை வரியில் இவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை.

ஜேசன் விமானம் இன்றும் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. ஹல் நகரில் ஏமிக்குச் சிலை இருக்கிறது. அவர் வீழ்ந்த கடலைப் பார்த்தபடி ஹெர்ன் பேயிலும் ஒரு சிலை நிற்கிறது. கல்லறை மட்டும் இல்லை. உடல் கிடைக்காத வான்படையினரின் பெயர்களைப் பொறித்துள்ள ரன்னிமீடு நினைவுச் சின்னத்தில் அவர் பெயரும் உள்ளது.

வானத்துக்கு ஆசைப்படுவோர் வரட்டும். நம் கல்லூரியிலிருந்தும் வரட்டும். அவர்களுக்குத் துணிச்சலைச் சொல்லிக் கொடுப்பதோடு கருவியைப் பிடிக்கவும் கணக்கைப் போடவும் சொல்லிக் கொடுப்போம். கூடவே, நம்மால் இயன்ற அளவு, நாற்பத்தைந்து நிமிட இருப்பையும் அவர்கள் தொட்டியில் ஊற்றி அனுப்புவோம். ஏமி ஜான்சனுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.